லைன்மேன் சுப்புராயன் எஸ்.எம்.பி.எஸ். வாங்கப் போனார்

புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எதையும் தொடுவார் சுப்புராயன். பிரிட்ஜ் கதவு, பக்கத்து வீட்டு இரும்பு கேட், கல்யாண மண்டபத்தில் சீரியல் பல்பு சுற்றிய வாழைமரம், எதுவானாலும் முதலில் வலது புறங்கைதான் போகும். கேட்டால் அலுக்காமல் விளக்கம் சொல்வார். "உள்ளங்கைய வச்சா கரண்டு புடிச்சி இழுத்துக்கும். புறங்கைன்னா ஒதறி வுட்டுடும்." அவர் மனைவி அமராவதியிடம் இதற்கு மேல் ஒரு சேதி இருக்கிறது. "தாலி கட்டுன அன்னிக்கி என் கையப் புடிக்கச் சொன்னா, அப்பவும் பொறங்கைய வச்சிப் பாத்துட்டுத்தான் புடிச்சாரு இந்த மனுசன்" என்பார். உண்மையா என்று கேட்டால் சுப்புராயன் மறுப்பதில்லை.

மின்வாரியத்தில் கிள்ளைப் பக்கம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் சொந்த வீடு. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன் மீட்டர் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். மகன் இளவரசுவுக்குப் பெண் பார்க்கத் திட்டக்குடிப் பக்கம் போனபோதும் அதே கதைதான். பெண் வெண்மதி காபித் தட்டோடு வந்து நிற்கிறாள், மாமனார் ஆகப்போகிறவரைக் காணோம். வாசலில் நின்றுகொண்டு, "எர்த் கம்பி அறுந்து கெடக்குது பாருங்க, மழ வந்தா ஆள அடிச்சிடும்" என்று பெண்ணின் அப்பா கதிர்வேலைப் பிடித்துவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கதிர்வேல் மக்காச்சோளமும் கரும்பும் போடுகிற விவசாயி. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதிசயம். மறுநாளே ஆளைக் கூப்பிட்டுக் கம்பியை மாற்றிவிட்டார். அதைக் கேள்விப்பட்டதும், "நல்ல மனுசன்யா, சொன்னா கேக்குறாரு" என்று சுப்புராயன் கல்யாணத்துக்குத் தலையாட்டிவிட்டார். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்று அமராவதிக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கம்பத்தின் உச்சியிலிருந்து கீழே நிற்கிறவனோடு பேசிப் பேசிப் பழகிய தொண்டை அது. வீட்டுக்குள் ரகசியம் பேசினால் தெருமுனை டீக்கடையில் பதில் சொல்வார்கள். மனிதர்களையும் அவர் கரண்டுக் கணக்கில்தான் பிரித்து வைத்திருக்கிறார். சட்டென்று கோபப்படுகிறவன் 'ஹை வோல்டேஜ்'. ஒரு வேலை சொன்னால் ஒரு வேலை மட்டும் செய்கிறவன் 'சிங்கிள் பேஸ் ஆளு'. மகன் இளவரசு ஓசூரில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டு மாதம் இரண்டு முறை வந்துபோகிறவன், ஆகையால் 'மொற வச்சி வர்ற சப்ளை'. மருமகள் வெண்மதிக்கு மட்டும் பட்டம் எதுவும் கிடையாது. "அது நல்ல பொண்ணு" என்பதோடு சரி. அவர் வாயில் அதுவே பெரிய பட்டம்.

அந்த நல்ல பொண்ணோடு வந்த ஒரு பொருள்தான் அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. சீர் இறக்கிய அன்று பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் டெம்போவிலிருந்து இறங்கின. கடைசியில் போர்வை சுற்றிய ஒரு கம்ப்யூட்டர் இறங்கியது. வெண்மதி கல்லூரியில் படித்தபோது கதிர்வேல் திருச்சியில் வாங்கிக் கொடுத்தது. சுப்புராயன் புறங்கையை வைத்துப் பார்த்தார், பின்பக்கம் குனிந்து பார்த்தார். "செகண்ட் ஹேண்டா?" என்று தன்னுடைய மெல்லிய குரலில் கேட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது. கதிர்வேல், "ஆமாங்க சம்மந்தி, நல்ல கண்டிசன்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மனதில் வஞ்சம் வைத்துச் சுப்புராயன் கேட்டதில்லை. ஆனால் கேட்டது கேட்டதுதானே.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் வெண்மதி இப்போது வேலை பார்க்கிறாள். மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் யாருக்கு என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்பதைப் படித்துப் படித்து எண்ணாக மாற்றுகிற வேலை. கம்பெனி சென்னையில், வேலை வீட்டில். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மூன்று மாதம் முடிகிறவரை சோதனைக் காலம், அதற்குள் ஒருநாள் லாகின் ஆகாமல் போனாலும் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். காத்திருக்கிறவர்கள் வரிசை அவ்வளவு நீளம். கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ இடத்தில் விண்ணப்பித்து, எத்தனையோ இடத்தில் அவர்கள் உதட்டைப் பிதுக்கிய பிறகு கடைசியில் கிடைத்த வேலை என்பது மாமனாருக்கும் தெரியும். அவள் வேலை செய்யும் நேரத்தில் மிக்சி போடக் கூடாது, மோட்டார் போடக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டதே அவர்தான். "லோடு ஏறுனா வோல்டேஜ் அடிவாங்கும், புள்ள வேலைக்கி எடஞ்சலு" என்பார். சட்டினிக்குத் தேங்காய் அரைக்க அமராவதி மதியம்வரை காத்திருந்த நாட்கள் உண்டு.

இந்த வருடம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. மற்ற வீடுகளில் எப்படியோ, சுப்புராயன் வீட்டில் அது தீபாவளியைவிடப் பெரிய நாள். கட்டிங் பிளேயர், டெஸ்டர், கம்பம் ஏறும்போது கட்டுகிற பழைய பெல்ட் எல்லாம் கழுவித் துடைத்து மணைப்பலகைக்கு வந்துவிடும். பிறகு வீட்டிலுள்ள இயந்திரங்களின் முறை. எல்லாரும் சந்தனம் குங்குமத்தை இயந்திரத்தின் நெற்றியில் வைப்பார்கள். இவர் அப்படி வைக்க மாட்டார். கரண்டு எந்த வழியாக உள்ளே நுழைகிறதோ அங்கேதான் வைப்பார். மோட்டாருக்கு ஒயர் போகிற பெட்டி மேல், கிரைண்டருக்குப் பின்னால், பிரிட்ஜுக்கு முதுகில். "மூஞ்சிக்கு எதுக்குய்யா பொட்டு? சப்ளை வர்ற எடத்துல வச்சாத்தான் அது நமக்குக் காவலு" என்பது அவர் சாஸ்திரம். எந்த ஐயரும் அவருக்குச் சொன்னதில்லை, கிள்ளையில் கம்பம் கம்பமாக ஏறியபோது அவரே கண்டுபிடித்தது.

வெண்மதியின் கம்ப்யூட்டருக்கும் அதே மரியாதை நடந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திருப்பி, ஈரத்துணியால் துடைத்தார். கரண்டு ஒயர் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் இடுக்கிலெல்லாம் தூசி அப்பியிருந்தது. விளக்கமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி நோண்டி நோண்டி எடுத்தார். மூக்குக்கண்ணாடி சாமி படத்துக்கு முன்னால் கிடந்தது, அதை எடுத்து மாட்டிக்கொள்ள யாருக்குப் பொறுமை? பிறகு கட்டை விரலால் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார். அன்றைக்கு எந்த இயந்திரத்தையும் ஓட்டக் கூடாது. வெண்மதிக்கும் விடுமுறைதான்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து எல்லாவற்றையும் ஓட்டித் தொடங்கி வைக்க வேண்டும். மிக்சி ஓடியது, மோட்டார் ஓடியது. வெண்மதி கம்ப்யூட்டர் பொத்தானில் விரலை வைத்தாள். 'டமார்' என்று ஒரு சத்தம். வாணவேடிக்கையில் புஸ்ஸாகாமல் வெடித்த ஒரே வெடிபோல. பெட்டியின் பின்னாலிருந்து புகை வந்தது, வீட்டில் பாதி விளக்கு அணைந்தது. "ஐயோ மாமா!" என்று வெண்மதி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள்.

சுப்புராயன் பதறவில்லை. கரண்டு விஷயத்தில் அவர் பதறி யாரும் பார்த்ததில்லை. போன பியூஸைப் போட்டார், டெஸ்டரை எடுத்துப் பிளக்கில் வைத்தார், மீட்டரை எடுத்து வோல்டேஜ் பார்த்தார். எர்த் சரி, நியூட்ரல் சரி, எல்லாம் சரி. இந்த வீட்டின் ஒயரிங் முழுக்க அவர் தன் கையால் இழுத்தது. "என் லைன்ல ஒரு கொற கெடையாது" என்று அறிவித்தார். லைனில் குறை இல்லையென்றால் குறை எங்கே? பெட்டியில். பெட்டி யார் கொடுத்தது? அவருடைய புத்தி நேர்க்கோட்டில் போய்ச் சம்பந்தி வீட்டு வாசலில் நின்றது.

வெண்மதி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "திங்கக்கெழம காலைல லாகின் ஆவணும் மாமா. இல்லன்னா போச்சி" என்றபோது அவள் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் கிழவனுக்கு ஹை வோல்டேஜ் ஏறிவிட்டது. மருமகள் தடுக்கத் தடுக்கக் கேட்காமல் போனைப் போட்டார்.

"சம்மந்தி, ஒங்க மிஷினு வெடிச்சிப் போச்சி! ஆமா, வெடிச்சிடுச்சி! செகண்ட் ஹேண்டு வாணாம்னு அன்னிக்கே எனக்குத் தோணுச்சி. உள்ள என்னா மட்டமான சாமான வச்சித் தந்தானோ! ஒங்க பொண்ணு வேலைக்கில்ல ஒல வச்சிடுச்சி! குடுக்கறத நல்லதா குடுத்திருக்கலாமில்ல?"

எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. அமராவதி போனைப் பிடுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எதிர்வீட்டில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெண்மதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெடித்த பாகத்துக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். வீட்டுக் கரண்டை வாங்கிக் கம்ப்யூட்டருக்குத் தாங்குகிற அளவில் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி. சுப்புராயனே திருகாணிகளைக் கழற்றி அதை வெளியே எடுத்தார். ஒவ்வொரு ஒயரும் எங்கிருந்து வந்தது என்று இன்சுலேஷன் டேப்பில் எழுதி ஒட்டினார். மஞ்சள் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சிதம்பரத்தில் ஒரு கடை பூஜை விடுமுறை. இன்னொரு கடைக்காரர் ஓர் அட்டைப்பெட்டியை நீட்டி, "ஐநூறு வாட்ஸ் சார், எல்லாத்துக்கும் செட் ஆவும்" என்றார். கையில் வாங்கினால் வெறும் டப்பா கனம்கூட இல்லை. "உள்ள ஏதாச்சும் வச்சிருக்கானா, காத்த அடைச்சிக் குடுத்திருக்கானா?" என்று கேட்டுவிட்டு, கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

கடலூரில் லாரன்ஸ் ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கல்லாவிலும் பழுது பார்க்கும் மேசையிலும் ஒரே ஆள்தான், அருள்மொழி என்கிற பெண். முப்பது வயதிருக்கும். கடையின் வாசலில் நேற்றைய பூசணிக்காய்த் துண்டு இன்னும் சிவப்பாகக் கிடந்தது. சுப்புராயன் நுழைந்ததும் நுழையாததுமாகக் கதையை ஆரம்பித்துவிட்டார். சம்பந்தி செகண்ட் ஹேண்டு மிஷினைத் தலையில் கட்டியது, அது வெடித்தது, மருமகளின் வேலை, திங்கட்கிழமை. பழைய பிரிண்டர் வாங்க வந்திருந்த ஒருவர் பிரிண்டரை மறந்துவிட்டுக் கேட்டார்.

அருள்மொழி மேசைமேல் மூன்று பெட்டிகளை வைத்தாள். சுப்புராயன் முதல் பெட்டியிலிருந்து ஒயரை இழுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். "இது ஒயரா, மல்லிப்பூ கட்டுற நூலா?"

"வெல கொறைச்சலா கேக்கறவங்களுக்கு வச்சிருக்கம் சார். மேல போட்டிருக்க வாட்ஸ் இதுல வராது."

கடைக்காரர் வாயிலிருந்து உண்மை வந்து சுப்புராயன் அதுவரை கேட்டதில்லை. "அப்ப ஜாஸ்தி வாட்ஸ் இருக்கறதா குடு, எழுநூறு, எட்டுநூறு" என்றார்.

"எதுக்கு சார்? கேம் ஆடுவாங்களா? தனியா கிராபிக்ஸ் கார்டு போட்டிருக்காங்களா?"

"கேமா? எம் மருமவ அமெரிக்காக்காரன் ஆஸ்பத்திரிக்கி வேல பாக்குது!"

"அப்பன்னா நானூத்தம்பது தாராளம். நம்பரு பெருசா இருக்கறது முக்கியமில்ல சார், போட்டிருக்கத ஒழுங்கா குடுக்கணும். கரண்டு ஏறி எறங்குனாலும் உள்ள இருக்கற போர்டுக்குச் சேதம் வராம இது தானா ஆஃப் ஆயிடும்." நடுவில் இருந்த பெட்டியைத் தள்ளி வைத்தாள். "ஒயர் நுனி எல்லாம் ஒத்துப்போவுதான்னு பாக்கணும். பழச எடுங்க."

அவர் மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவருடைய டேப் சீட்டுகளைப் பார்த்து, "நீங்களே கழட்டுனீங்களா? நீட்டா செஞ்சிருக்கீங்க" என்றாள். சுப்புராயன் மீசையைத் தடவிக்கொண்டார். அவள் பெட்டியைத் திருப்பினாள். பின்பக்கத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"ஆயுத பூசைக்கித் தொடச்சீங்களா சார்?"

"ஆமா. ஏன்?"

அருள்மொழி காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். அடியில் சுண்டுவிரல் நகம் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. அதன் மேல் வெள்ளை எழுத்தில் 115 என்று தெரிந்தது.

"இத ரெண்டு பக்கமும் தள்ளலாம் சார். நம்ம ஊருக்கு எரநூத்தி முப்பதுல இருக்கணும். வெளிநாட்ல செல எடத்துல கரண்டே பாதிதான், அதுக்கு இந்தப் பக்கம். தொடைக்கும்போது குச்சி கிச்சி பட்டு நவுந்திருக்கும். அதுல நம்ம வூட்டு கரண்ட வுட்டா உள்ள கப்பாசிட்டர் தாங்குமா? வெடிச்சிடும்." அவள் கேலியாகச் சொல்லவில்லை. "வருசா வருசம் ஆயுத பூச மறுநாளு இப்பிடி ஒண்ணு ரெண்டு வந்துடும். இதுக்குன்னே நாங்க விக்கும்போது இது மேல டேப்பு ஒட்டிடுவம். சாமான் நல்ல சாமான்தான் சார். நல்ல கம்பெனி. சும்மா வுட்டிருந்தா இன்னும் அஞ்சாறு வருசம் ஓடியிருக்கும்."

பிரிண்டர்காரர் சிரித்தார். சுப்புராயன் சிரிக்கவில்லை. இரும்புப் பெட்டியை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தச் சிவப்பு ஸ்விட்சை விரலால் தள்ளினார். 230 வந்தது. மறுபடி தள்ளினார், 115. எவ்வளவு லேசாக நகர்கிறது! மழையிலும் புயலிலும் கம்பத்தின் மேல் உயிரோடு விளையாடியவர், ஒரு ஈர்க்குச்சியால் இவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறார்.

"நான் லைன்ல..." என்று ஆரம்பித்தார். பெட்டியை மேசைமேல் வைத்தார். "உள்ள இருக்கற மத்த சாமானெல்லாம்?"

"போர்டு பெரும்பாலும் தப்பிச்சிருக்கும் சார். ஆனா மாட்டிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

நடுப்பெட்டியைப் பற்றி ஆம்ஸ், வோல்ட், வாரண்டி என்று கேட்க அவர் ஒரு பட்டியலே மனதில் வைத்திருந்தார். எல்லாம் மறந்துபோயிற்று. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதுல அந்தச் செவப்பு ஸ்விட்சு இருக்கா?"

"இல்ல சார். புதுசுல கெடையாது, எந்தக் கரண்டு வந்தாலும் அதுவே பாத்துக்கும்."

"அப்ப குடும்மா" என்றார். அந்தக் கடையில் அவர் மெதுவாகப் பேசியது அது ஒன்றைத்தான்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் வந்தது, போனது. லைன்மேன்களுக்கு ஒரு பயம் உண்டு. மேலே ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போது கீழே எவனாவது தெரியாமல் ஸ்விட்சைப் போட்டுவிடுவானோ என்பதுதான் அது. தன் சர்வீஸில் ஒருமுறைகூட அவர் அப்படிச் செய்ததில்லை. ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் சப்ளை கொடுப்பார். இன்றைக்குக் காலையில் கூப்பிட்டும் பார்க்கவில்லை, கேட்டும் பார்க்கவில்லை. வாயில்லாத ஒரு மனுஷன்மேல் போட்டுவிட்டார். அதை நினைக்க நினைக்க அவருக்கு அசிங்கமாக இருந்தது. யாருக்குத் தெரியப் போகிறது, சொல்லாமலே விட்டுவிடலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. புதுச்சத்திரம் தாண்டும்போது அந்த யோசனைதான் பலமாக இருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை.

வீட்டு வாசலில் பழக்கமில்லாத ஒரு ஜோடி செருப்பு. காய்ந்த வயல் மண் ஒட்டியிருந்தது. சுப்புராயன் தன் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் கதிர்வேல் உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டி, சலவைச் சட்டை, மடியில் ஓர் அட்டைப்பெட்டி. காலையில் போனை வைத்த கையோடு கிளம்பியிருக்கிறார். விருத்தாசலத்தில் இறங்கி, கம்ப்யூட்டர் கடை எது என்று கேட்டுக் கேட்டுத் திறந்திருந்த கடையைக் கண்டுபிடித்து, "இருக்கறதுலயே நல்லதா குடுங்க" என்று வாங்கிக்கொண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். சுப்புராயனைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சம்மந்தி, இது சரியா இருக்குமான்னு பாருங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. தப்பா இருந்தா போய் மாத்தியாந்துடறன்" என்று இரண்டு கையாலும் நீட்டினார்.

அமராவதி கணவரை அடுக்களைக்குள் இழுத்தார். "வந்து ரெண்டு மணி நேரம் ஆவுது. சோறு போடறன்னா வாணாங்கறாரு, காபி வாணாங்கறாரு. கை நனைக்க மாட்டன்றாரு மனுசன். நீங்க பேசுன பேச்சுக்கு எவன் சாப்புடுவான்?" சுப்புராயன் தன் மஞ்சள் பையை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தார். வெளியே வந்து, "கடலூர்ல சரியானது கெடைக்கல சம்மந்தி, நீங்க கொண்டாந்ததுதான் பொருத்தமா இருக்கு" என்றார். பெட்டியைப் பிரித்தார். நல்ல கனம், நல்ல ஒயர், அருள்மொழி தள்ளி வைத்ததைவிட ஒரு படி மேல். சிவப்பு ஸ்விட்ச் இல்லை.

மேசைக்கு அடியில் புகுந்து மாட்டினார். ஒயர்களை ஒவ்வொன்றாகச் செருகினார். வெண்மதி நாற்காலியில் உட்காராமல் நின்றாள். போர்டும் போயிருந்தால் திங்கட்கிழமை என்பதே இல்லை. "போடும்மா" என்று அடியிலிருந்து குரல் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். காற்றாடி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரையில் வெளிச்சம் வந்தது. அவள் பாஸ்வேர்டை அடித்தாள். கம்பெனியின் பக்கம் திறந்தது.

"வந்துடுச்சி மாமா! எல்லாம் இருக்கு, ஒண்ணும் போவல!" என்று கத்தினாள். அழுகையும் சிரிப்புமாக அப்பாவைப் பார்த்தாள்.

கதிர்வேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேள. அப்பா ஒனக்கு அப்பவே புதுசா வாங்கிக் குடுத்திருக்கணும்மா. முடியல. ஒன்ன இந்த வூட்ல பேச்சு கேக்க வச்சிட்டன்" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, சாப்புட்டுப் போப்பா."

"இல்லம்மா. பஸ்ஸு போயிடும்" என்று பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

சுப்புராயன் இன்னும் மேசைக்கு அடியிலேயே இருந்தார். மாட்டி முடித்து எவ்வளவு நேரமாகிவிட்டது! கட்டத் தேவையில்லாத ஒயர்களையெல்லாம் டேப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு கால்கள் மட்டும். வாசலில் செருப்பு உரசுகிற சத்தம் கேட்டது.

"சம்மந்தி" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அது சுப்புராயன் குரல்தானா என்று அமராவதியே அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஒங்க மிஷின்ல ஒரு கொறையும் இல்ல சம்மந்தி. கடலூர்ல கடக்காரப் பொண்ணு சொல்லிடுச்சி, நல்ல சாமானாம். பூசைக்கித் தொடைக்கறன்னு குச்சிய வுட்டு நோண்டி, அதுல இருந்த ஒரு ஸ்விட்ச மாத்தித் தள்ளி வச்சது நான். வெடிக்க வச்சது நான்தான். தெரிஞ்சப்புறமும் இவ்ளோ நேரம் வாயத் தொறக்கல பாருங்க. நீங்க மன்னிப்பு கேக்கறத கேட்டுக்கினு இதுக்குள்ள படுத்துக் கெடக்கறன்."

வெண்மதி அப்பாவைப் பார்த்தாள், மேசைக்கு வெளியே நீண்டிருந்த மாமனாரின் கால்களைப் பார்த்தாள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள்.

மேசைக்கு அடியிலிருந்து சுப்புராயனுக்குத் தரை மட்டும்தான் தெரிந்தது. வாசற்படியில் இரண்டு செருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. வெடிப்பு விழுந்த குதிகால்கள் கூடத்தைக் கடந்து மேசையருகே வந்து நின்றன. சலவை வேட்டி முழங்காலுக்கு மேல் மடிந்தது. கதிர்வேல் மெல்லத் தரையில் குந்தி, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார்.

"வெளிய வாங்க சம்மந்தி, பசிக்குது" என்று கையை நீட்டினார்.